மழைக்கும் ஒரு பிரிவு

குளோட்டனில், ஓடுபாதைக்கு இப்பால்,
தகரக் கொட்டகையொன்றில் வைத்து
ஒப்பந்தத்தை வாசித்தேன், நாங்கள் பதினொரு பேருக்கு.
நாற்பத்தியொரு பக்கம்.
ஜெர்மன் மூலம். போர்த்துக்கேயமும் அல்பானியமும்
அச்சில் இருந்தன.
தமிழ் என் வாயில் மட்டும்.

அடிக்கல் நடுமுன்னரே எழுதியது:
கட்டப்போகும் புதிய முனையத்தில்
யாருடைய கொம்பனி, யாரின் கீழ்க் கொம்பனி,
அதற்கும் கீழே தொங்குவது எது என்று பாராமல்
இரும்பைத் தொடும் கைக்கு ஒரே கூலி.
பயண நேரத்துக்குக் காசு.
ஒன்பது மணிக்குப் பாணுக்கு இடைவேளை.
மழை பெய்தால் என்ன செய்வதென்று
முழுதாக ஒரு பக்கம்.

"மழைக்குமா?" என்றான் நகுலேசன்,
பன்னிரண்டு வருசம் மழையை முதுகில்
இலவசமாகச் சுமந்தவன்.

பதினேழாம் பிரிவில் நாக்கு நின்றது.
சமாதானக் கடமை.
வேலை முடியும்வரை வேலைநிறுத்தம் இல்லை.
பிணக்கு வந்தால் மேசை. மேசையில் மூவர்.
இருபது நாளில் முடிவு.

யாரும் கதைக்கவில்லை.
ஒப்பந்தம் என்றால் எங்களுக்கு வேறொரு கணக்கு:
மை காயுமுன் கிழிந்தவை,
காய்ந்த பிறகு கிழிந்தவை.
போர்நிறுத்தம் என்று வானொலி சொன்ன இரவில்
பங்கருக்கு மேல்
இன்னும் இரண்டு மூட்டை மண் போட்டவர்கள் நாங்கள்.
"சமாதானம் அவைக்கு, கடமை எங்களுக்கு" என்றார் யோகநாயகம்.
சிரித்தோம்.
வாசித்துக் காட்டப்பட்டது என்ற தாளில்
கையெழுத்தும் வைத்தோம்.
குலவீரசிங்கம் கட்டத்துக்குள் அடங்கவில்லை,
சிங்கம் கோட்டுக்கு வெளியே நின்றது.

கார்த்திகைக் குளிரில், கழிவறை வரிசையில்,
கம்பி கட்டும் தோரு எனக்கு எட்டு விரல் காட்டினான்.
அவனுக்கு என் மொழி தெரியாது.
எங்கள் இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை.
சம்பளத் துண்டில் எல்லாம் சரி,
ஒப்பந்தம் சொன்ன அதே தொகை.
மாதக் கடைசி வெள்ளியில்தான்
வெள்ளை வான் வரும்.
எண்ணூறு பிராங்க் திருப்பிக் கொடுக்கவேணும்,
படுக்கைக்காம், வானுக்காம், வேலை எடுத்துத் தந்ததற்காம்.
நாலு மாதம். ஐந்து பேர்.

சங்கப் பிரதிநிதி கிராசா
தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்,
வைத்த சத்தம் இப்போதும் கேட்கிறது.
"நிறுத்துவம்" என்றான் நகுலேசன்.
"இண்டைக்கே, இந்த நிமிசமே."
போட்ட சுத்தியலைக் குனிந்து எடுத்து
அவன் கையில் கொடுத்தது நான்தான்.
பதினேழாம் பிரிவை
இரண்டாம் தடவை சொல்லவேண்டி வந்தது.
அன்றைக்கு என் தமிழே எனக்குக் கசந்தது.

மேசை பேசியது.
நாங்கள் கம்பி கட்டினோம்.
கொங்கிரீட் ஊற்றினார்கள்.
ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம்
எங்கள் தலைக்கு மேலால்
கால்களை மடக்கிக்கொண்டு போனது.

பதினெட்டாம் நாள் தீர்ப்பு.
வெள்ளை வான் வெளியே.
ஆளுக்கு மூவாயிரத்து இருநூறு.
நாலு பேர் வாங்கினார்கள், ஒருவன் எண்ணாமலே.
தோரு பன்னிரண்டாம் நாள் இரவே போய்விட்டான்.
யார் மிரட்டினார்களோ,
வெறுமனே களைத்துவிட்டானோ.

அவன் காசு கணக்கில் கிடக்கிறது.
அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது.
விலாசம் தெரியுமா என்று
மாதம் ஒருமுறை கிராசா கேட்கிறாள்.
எனக்குத் தெரிந்தது எட்டு விரல்.

ஒப்பந்தம் வென்றது என்று சங்கத்தின் தாளில் போட்டிருந்தது.
பொய்யில்லை.
நிறுத்தியிருந்தால் நாலு பேருக்கும் கிடைத்திருக்குமா,
நிறுத்தியிருந்தால் அவன் நின்றிருப்பானா?
இரண்டு கேள்வியையும் ஒரே தட்டில் வைக்க
என்னால் முடியவில்லை.

இன்று மழை.
பிரிவின்படி, கூலியோடு,
கொட்டகைக்குள் இருக்கிறோம்.
வாங்கின் கீழே தோருவின் சப்பாத்து,
ஒருவரும் எடுத்தெறியவில்லை.
நகுலேசன் கதவைத் திறந்து
கையை வெளியே நீட்டிப் பார்க்கிறான்,
மிச்சக்காசு சரியா என்று
பார்ப்பவன் மாதிரி.